ஒரு அடிக்குக் கீழே கலப்பை இறங்காமல் இருந்தால் போதுமா?

கேட்டவர் திருமங்கலம் பக்கத்துத் தம்பி. தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். அதன் வடக்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. உழும்போதெல்லாம் கருப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் மேலே வருகின்றன. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் சரிவில் ஒரு பெரிய பானையின் வாய் வட்டமாகத் தெரிகிறது. சொட்டுநீர் போடுவதற்காக மேட்டை இடித்துச் சமன்செய்யச் சித்தப்பா ஜேசிபிக்குப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். "அரசாங்கத்திடம் சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா? விவசாயத்தை நிறுத்த வேண்டுமா? நாங்களே எப்படிப் பாதுகாப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

விவசாயத்தை நிறுத்த வேண்டாம், தம்பி. ஜேசிபியை மட்டும் நிறுத்துங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

நான் தொல்லியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வைகைக் கரை ஊர்களிலும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் காடுகளிலும் நடந்து திரிந்திருக்கிறேன். எனக்கும் மேலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. அதனால் சித்தப்பாவின் நியாயமும் எனக்குத் தெரியும். மேட்டில் தண்ணீர் ஏறாது, விதைத்தது பாதி காயும், டிராக்டர்காரர் சுற்றிச் சுற்றி உழுது மணிக்கணக்கு ஏற்றுவார். அந்த எரிச்சலில்தான் நம் பக்கத்து மேடுகளில் பாதி போயின. எங்கள் வீட்டிலேயே நடந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு திடலைத் தள்ளி, அந்த மண்ணைக் கண்மாய்க் கரைக்கு அனுப்பினார். பின்னால் நான் படித்துவிட்டு வந்து அந்தக் கரையில் நடந்தபோது, மழை கழுவிய இடமெல்லாம் தாழி ஓடு, அதாவது அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த பெரிய பானையின் ஓடு. கரை நெடுக ஓடு. எது எங்கே, எதன் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஓடு இருக்கிறது, சேதி இல்லை.

முதலில் சட்டம், ஏனென்றால் பயமே அங்கிருந்துதான் வருகிறது. மத்திய அரசின் பழஞ்சின்னங்கள் சட்டம் 1958-இல் வந்தது. பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்த நிலத்துக்குள் கட்டடம் கட்டக் கூடாது, கல் உடைக்கக் கூடாது, தோண்டக் கூடாது என்று அதன் 19-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மேல்மண்ணிலிருந்து ஒரு அடிக்கு மேல் தோண்டாத சாகுபடியைத் தடுக்க முடியாது. அந்த வரியின் ஆங்கிலம் இரட்டை எதிர்மறை போட்டுக் குழப்பமாக இருக்கும், வழக்கறிஞர்கள் சிரிப்பார்கள். கருத்து இதுதான். அதாவது நாட்டிலேயே கடுமையான பாதுகாப்புக்குள் இருக்கும் நிலத்தில்கூட உழவனுக்கு ஒரு அடி விட்டிருக்கிறார்கள். உங்கள் மேடோ எந்தப் பட்டியலிலும் இல்லாத பட்டா நிலம்.

பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பது வேறு, நிலத்தைக் கையகப்படுத்துவது வேறு. அறிவித்ததாலேயே பட்டா மாறாது. கையகப்படுத்துவதானால் அதற்குத் தனி நடைமுறையும் இழப்பீடும் உண்டு. மத்தியப் பட்டியலில் ஏறிய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும் என்பது 2010 திருத்தம். பிளாட் போட நினைப்பவருக்கு இது தொந்தரவுதான், மறைக்கவில்லை. உளுந்து போடுபவருக்கு இதில் ஒன்றும் இல்லை. மாநில அரசுக்கு 1966-ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. பெரும்பாலான மேடுகள் இரண்டு பட்டியலிலும் வருவதில்லை, அதுதான் உண்மை. வைகை நெடுக 2013-14-இல் நடந்த கள ஆய்வில் 293 இடங்களைக் கண்டார்கள். அதில் எத்தனை இடத்தில் குழி போட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கீழடியையே பாருங்கள். தோண்டத் தொடங்கியபோது பள்ளிச்சந்தைத் திடல் தனியார் தென்னந்தோப்பு. மர வரிசைகளுக்கு நடுவில் குழி போட்டுத்தான், சுட்ட மண் வளையங்களை அடுக்கிய உறைகிணறும் செங்கல் சுவரும் எடுத்தார்கள். வேலை முடிந்த குழிகளை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அந்த இடம் இத்தனை நாள் தப்பிக் கிடந்ததற்குக் காரணம், அது தோப்பாக இருந்தது. வீட்டடி மனையாகவோ செங்கல் சூளையாகவோ ஆகியிருந்தால் இன்றைக்குக் கீழடி அருங்காட்சியகமே இருக்காது. மாறாக நடந்ததற்கு மதுரைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அனுப்பானடியிலும் பரவையிலும் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாழிகளைக் கண்டு எழுதிவைத்தார். இன்றைக்கு அனுப்பானடியில் போய் நின்று பாருங்கள், வீடுகள்தான். பழங்காநத்தத்துக் கோவலன் பொட்டலில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. அந்தப் பெயரைக் கேட்டால் ஆட்டோக்காரருக்குத் தெரியும், தாழியைக் கேட்டால் தெரியாது.

சரி, உங்கள் மேட்டுக்கு வருகிறேன். வட்டமாக வாய் தெரிந்ததும் முதுமக்கள் தாழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். மூன்று பொருள் மேலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். தாழியானால் வாய் விளிம்பு வெளிப்பக்கம் உருண்டு தடித்திருக்கும், ஓடு கட்டைவிரல் தடிமன், கழுத்துக்குக் கீழே கயிறு சுற்றியதுபோலவோ விரலால் அமுக்கியதுபோலவோ ஒரு பட்டை ஓடும். உறைகிணற்றின் உறையானால் விளிம்பே இருக்காது, சுவர் நேராக இறங்கும், கொஞ்சம் சுரண்டினால் அடுத்த உறையின் இணைப்பு தெரியும். (சுரண்டாதீர்கள். மழை சுரண்டிக் காட்டும்.) மூன்றாவது தானியக் குதிர். குதிரும் உறைகிணறும் என்றால் அது குடியிருந்த நத்தமேடு. தாழி என்றால் ஈமக்காடு. பழைய ஆட்கள் பெரும்பாலும் இரண்டையும் தள்ளித் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள், கீழடிக்காரர்களின் ஈமக்காடு பக்கத்துக் கொந்தகையில் இருப்பதுபோல. உங்கள் பாட்டியிடம் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். மதமதக்காத் தாழி, பாண்டவர் குழி, நத்தத்து மேடு என்று ஏதாவது சொல்வார். சர்வே எண்ணைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

ஓடு கருப்பு சிவப்பு என்றீர்கள். உள்பக்கமும் விளிம்பும் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்றால், பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்ததால் வந்த நிறம். காற்றுப் படாத பக்கம் கருப்பாகிறது. இரும்புக் காலத்தின் கையெழுத்து அது. ஒன்றிரண்டு மட்டும் கிடைத்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உழவுக்கு உழவு நிறைய வந்துகொண்டே இருந்தால் கீழே பழைய மண்ணடுக்கு இருக்கிறது. கரிசலில் இன்னொரு வேடிக்கை. கோடையில் பூமி வெடித்துப் பிளக்கும்போது மேலே கிடக்கும் ஓடு அந்த வெடிப்பில் விழுந்து மூன்று, நான்கு அடிக்குக் கீழே போய்விடும். மழை பெய்ததும் வாய் மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் பொத்தானை இரும்புக் காலத்து ஓட்டுக்குப் பக்கத்தில் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஆழத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உழவு. சட்டம் சொல்லும் ஒரு அடி எவ்வளவு நடைமுறையானது என்று நம் கருவிகளை வைத்துப் பார்த்தால் புரியும். மாட்டை வைத்து உழுத நாட்டு ஏர் நாலு முதல் ஆறு அங்குலம் இறங்கும். டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை கிட்டத்தட்ட அதே அளவு, கூடிப் போனால் எட்டு. ரோட்டவேட்டரும் ஆழம் போகாது, ஆனால் அடித்துப் பொடியாக்கும். மேலே கிடக்கும் ஓட்டைச் சல்லியாக்கிவிடும். சட்டிக் கலப்பை ஒரு அடியைத் தொடும். உளிக் கலப்பைதான் எமன். அடிமண் இறுக்கத்தை உடைக்கவே செய்தது, ஒன்றரை அடி வரை குத்தும். வேளாண் துறையினர் கடலைக்கும் பருத்திக்கும் அதைச் சிபாரிசு செய்வார்கள், மற்ற நிலத்துக்கு நல்ல சிபாரிசுதான். மேட்டின் மேல் வேண்டாம். தென்னங்கன்றுக்கு மூன்று அடிக்கு மூன்று அடி குழி வெட்டுகிறோம், மாவுக்கும் அப்படித்தான். ஒரு ஏக்கருக்கு எழுபது குழி என்றால் எழுபது தாழியை உடைக்கலாம்.

ஆக, ஒன்பது கொத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதுகாப்புதானே என்று கேட்கத் தோன்றும். பாதிதான் சரி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சமநிலத்தில் ஆறு அங்குலம் உழுதால் எல்லா வருடமும் அதே ஆறு அங்குலம்தான் புரளும். மேட்டில் அப்படி இல்லை. உழுது பொலபொலவென்றான மண்ணை ஐப்பசி மழை சரிவில் இறக்கிவிடும். அடுத்த வருடம் கலப்பை அதே ஆறு அங்குலம்தான் இறங்கும், ஆனால் இதுவரை தொடாத மண்ணில் இறங்கும். கலப்பை ஆழமாகப் போகவில்லை, தரை கீழே இறங்கி வருகிறது. தாத்தா காலத்தில் தெரியாத தாழி வாய் இப்போது தெரிவதற்கு அதுதான் காரணம். மேடு வளரவில்லை, தாழி எழும்பவில்லை.

இதை உங்கள் நிலத்திலேயே அளக்கலாம். மேட்டின் ஓரத்தில் சர்வே கல் இருந்தால் போய்ப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு புஞ்சையில் நான் பார்த்த கல்லில், ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்த கொத்தாத சொரசொரப்புப் பகுதி ஒரு சாண் வெளியே நின்றது. செதுக்கிய பகுதிக்கும் சொரசொரப்புக்கும் நடுவில் மண் கறை ஒரு கோடாக ஓடியது. அந்தக் கோடுதான் கல் நட்ட நாளின் தரை. அதற்குக் கீழே உள்ள ஒரு சாணும் பள்ளத்து வயலுக்குப் போன மண். பத்து அடி தள்ளிச் சரிவில் ஒரு தாழியின் விளிம்பு, கலப்பைக் கொத்து இழுத்த இரண்டு கீறலோடு இருந்தது. புதுக் கீறல் ஆரஞ்சு நிறமாக இருக்கும், பழைய உடைப்பு மண்ணேறி மங்கியிருக்கும். உங்கள் தாழியிலும் அதைப் பாருங்கள். ஆரஞ்சு தெரிந்தால் இந்த வருட உழவிலேயே பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வம்பு நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. அங்கே சுண்ணாம்புக் குன்றுகளில் வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் ஆயிரக்கணக்கில் கோதுமை வயலுக்குள் கிடந்தன. உழுது உழுதே பல மேடுகள் இருந்த இடம் தெரியாமல் போய், வானத்திலிருந்து படம் எடுத்தால் பயிரின் நிறத்தில் மட்டும் வட்டம் தெரிகிறது. அவர்களும் கடைசியில் ஏறக்குறைய நம் சட்டம் சொன்ன இடத்துக்குத்தான் வந்தார்கள். பட்டியலில் உள்ள இடத்தில் ஏற்கெனவே உழுதுவந்த ஆழத்துக்குள் உழுதுகொள், அதற்குக் கீழே போனால் அனுமதி வாங்கு. அதோடு இன்னொன்றும் செய்தார்கள். மேட்டை உழாமல் புல்லுக்கு விடும் விவசாயிக்குப் பணம் கொடுத்தார்கள். அது நம்மிடம் இல்லை. என்னைக் கேட்டால் நூறு அறிவிப்புப் பலகையைவிட அந்தப் பணம்தான் வேலை செய்யும். மேட்டு நிலத்துக்காரருக்கு வருடம் ஒரு தொகை கொடுத்தால் ஜேசிபி ஏன் வருகிறது?

பயிர் நிறம் என்றேனே, அது நம் ஊரிலும் தெரியும். தாழிக்கு மேல் குழிமண் ஈரம் பிடித்து வைத்திருப்பதால் அந்த இடத்துச் செடி கரும்பச்சையாக நிற்கும். கல் அடுக்கோ செங்கல் சுவரோ கீழே இருந்தால் அந்தக் கோட்டில் செடி முதலில் வாடும். தை மாத வெயிலில் காலை ஏழு மணிக்கு மேட்டின் மேல் நின்று கடலைக் காட்டைப் பாருங்கள். படம் எடுங்கள். குழி போடாமலே பாதி வரைபடம் கிடைத்துவிடும்.

என்ன பயிர் வைக்கலாம்? நான் சொல்வது: மேட்டை மட்டும் உழவிலிருந்து எடுத்துவிடுங்கள். அரை ஏக்கர்கூட வராது. கொழுக்கட்டைப் புல் விதைத்தால் ஒரு மழையில் பிடித்துக்கொள்ளும், வேர் மண்ணைக் கட்டும், ஆட்டுக்குத் தீவனம். நம் பக்கம் கிடைபோட வரும் கீதாரிகளிடம் சொல்லி அறுப்புக்கு அப்புறம் கிடையை மற்ற நிலத்தில் போட்டு, பகலில் மேட்டில் மேயவிடுங்கள். ஈரமான நாட்களில் மட்டும் மந்தை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளம்பு சரிவை அறுக்கும். புல் வேண்டாம், காசு வேண்டும் என்று சித்தப்பா சொன்னால், உளுந்தும் எள்ளும் போடலாம், உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். மல்லிகைகூட மோசமில்லை. குழி ஒரு அடிதான், ஒருமுறை வைத்தால் பல வருடத்துக்கு உழவு இல்லை. ஆனால் கரிசலில் தண்ணீர் தேங்கினால் மல்லிகை செத்துப்போகும், அதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வாழை, முருங்கை, தென்னை, தேக்கு எதுவும் மேட்டில் வேண்டாம். (கீழடித் தோப்பு வீட்டடி மனைக்குத் தேவலை, அவ்வளவுதான்.) மரவேர் தாழியின் விரிசலுக்குள் புகுந்து உள்ளேயே பருத்து, தாழியைப் பூசணிக்காய்போலப் பிளந்துவிடும்.

சீமைக் கருவேலம் முளைத்திருக்கும், சொல்ல வேண்டியதில்லை. வேரோடு பிடுங்காதீர்கள். ஜேசிபி வைத்து ஒரு மரத்தைப் பிடுங்கினால் இரண்டு ஆள் நிற்கும் குழி விழும். தரையோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக்கொண்டே வாருங்கள், இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். எலியும் அகழானும் வளை தோண்டினால் வளை வாயில் வரும் மண்ணைப் பாருங்கள், சாம்பல் மண்ணோ மணியோ வெளியே தள்ளியிருக்கும். சும்மா எடுத்துப் பையில் போடாமல், எந்த வளை என்று குறித்து வையுங்கள்.

சொட்டுநீருக்கு மேட்டை இடிக்கவே வேண்டியதில்லை. மெயின் குழாய்க்குத்தான் ஒன்றரை இரண்டு அடி வாய்க்கால் வெட்டுவார்கள், அதை மேட்டைச் சுற்றிப் பள்ளத்து ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் குழாய் தரைமேல்தான் கிடக்கும், மேடு பள்ளம் அதற்குப் பெரிய விஷயமில்லை. அழுத்தம் சரிசெய்யும் சொட்டுவான் கேட்டு வாங்கினால் மேட்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஏறும். விலை கொஞ்சம் கூடுதல். ஜேசிபி வாடகையோடு ஒப்பிட்டுச் சித்தப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அவருக்கு வரலாறு பேசுவதைவிட அது எடுபடும்.

இப்போது வெளியே தெரியும் அந்த வாய். இதில் அவசரம் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஈர மண்ணுக்குள் இருந்த ஓடு சித்திரை வெயிலில் காய்ந்தால் உள்ளே இருக்கும் உப்பு மேலே வந்து ஓடு பாளம்பாளமாக உரியும். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் மண்ணை நோண்டாதீர்கள். உள்ளே எலும்பு இருந்தால் கை பட்டாலே கெடும். கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபியல் துறை ஆராய்கிறது, அந்த வேலைக்கெல்லாம் நம் கைரேகையும் வியர்வையும் விஷம். தாழியின் பக்கத்தில் ஒரு மண்வெட்டியை அளவுக்கு வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள், போனில் இருப்பிடம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சலித்த ஆற்று மணலை விரல்கடை அளவு போட்டு, அதன் மேல் அதே நிலத்து மண்ணை ஒரு அடிக்குக் குமித்து மூடுங்கள். நடுவில் மணல் போடுவது ஏனென்றால், பின்னால் தோண்டுபவருக்கு நீங்கள் போட்ட மண் எது, பழைய மண் எது என்று அந்த மணல் கோடு காட்டிக் கொடுக்கும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், ஈரம் உள்ளே புழுங்கும்.

அப்புறம் சொல்லிவிடுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு, நகல் கிராம நிர்வாக அலுவலருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும். சர்வே எண்ணும் படங்களும் போதும். காந்தி அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலும் ஒரு எட்டுப் போய்க் காட்டலாம். சொல்வதில் உங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். பாசிமணியை வாங்க ஆள் வருவான், நல்ல விலை சொல்வான். உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வது 1972 சட்டப்படி குற்றம், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். மனுவுக்குப் பதில் வர மாதங்கள் ஆகலாம். வராமலும் போகலாம். உங்கள் கையில் ஒப்புகைச் சீட்டு இருந்தால் போதும்.

ஈமக்குழியைச் சுற்றிப் பாறைகளை வைத்த கல்வட்டம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, கரிசலில் அது அரிது. ஆண்டிபட்டி, உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் நிலம் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: வட்டமாக நிற்கும் பாறைகளை வரப்புக்கு உருட்டாதீர்கள், உருட்டிவிட்டிருந்தால் குத்துமதிப்பாகத் திரும்ப அடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய ஆட்கள் செத்தவர்களைப் புதைக்கத் தேர்ந்தெடுத்த இடம் பெரும்பாலும் உழவுக்கு ஆகாத இடம். தாமிரபரணிக் கரையின் பெரிய ஈமக்காடான ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கரும் அப்படிப்பட்ட கல்லாங்குத்து மேடுதான், அதனால்தான் 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஆய்வாளர் யாகோர் முதல் இன்றுவரை தோண்டத் தோண்டக் கிடைக்கிறது. வயலை அவர்கள் வாழ்கிறவர்களுக்கு விட்டார்கள். போர்வெல்லும் டிராக்டரும் வந்த ஐம்பது வருடத்தில்தான் ஆகாத இடமும் வயலானது. உங்கள் மேடும் தாத்தாவின் அப்பா காலத்தில் மேய்ச்சல் தரிசாக இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போனால் முதலில் சர்வே கல்லைப் பாருங்கள். கல் இல்லையென்றால் உச்சியில் ஒரு இரும்புக் கம்பியைத் தரையோடு தரையாக அடித்து, அடுத்த ஐப்பசி முடிந்ததும் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். கம்பி அரை அடிக்கு மேல் வேண்டாம்.